வேலூர் கோட்டையில் ஒரு நாள்: குடும்பத்தோடு பார்க்க வேண்டியவை

 

நம்ம ஜவ்வாது மலைக்கு வெளியூர்க்காரங்க நிறைய பேர் வராங்க. பீமன் நீர்வீழ்ச்சி பார்க்கிறாங்க, கோமுட்டேரியில் படகு ஓட்டுறாங்க, தேனும் சாமையும் பலாப்பழமும் வாங்கிட்டுப் போறாங்க. ஆனால் நாம எப்போ கீழே போறோம்? சந்தைக்குப் போறோம். ஆபீசுக்கு மனு கொடுக்கப் போறோம். உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போறோம். "வேலூர்" என்று சொன்னாலே நம்ம பெரியவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பெரிய கோட்டை இருக்கு. நம்ம வரலாற்றுப் பாடத்தில் வருகிற கோட்டை அதுதான்.

எங்க வீட்டில் ஆயா, அப்பா, அம்மா, தம்பி, நான் ஐந்து பேரும் ஒரு நாள் அங்கே போய் வந்தோம். போவதற்கு முன்பு புத்தகங்களைப் படித்துக் குறிப்பு எடுத்து வைத்தேன். அதையும் பார்த்ததையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நீங்களும் குடும்பத்தோடு போகும்போது இது உங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும்.

போவதற்கு முன் தெரிந்து கொள்ள வேண்டியவை

1. மலையிலிருந்து போளூருக்கு இறங்கி, அங்கே பஸ் மாறி, கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகலாம். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் போகாதீர்கள். அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

3. கோட்டைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும் சின்னக் கட்டணம் உண்டு.

4. கோயில் மதியம் நடை சாத்துவார்கள். அதனால் முதலில் கோயில், வெயில் ஏறின பிறகு அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்த பிறகு மதில் ஓரம் என்று போவது நல்லது.

5. புளிசோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டைக்கு வெளியே மர நிழலும் புல்தரையும் இருக்கு. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்ட இலையையும் கவரையும் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும்.

அகழியும் மதிலும்

வேலூர் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசு காலத்தில் கட்டப்பட்டது. சதாசிவராயர் என்ற பேரரசருக்குக் கீழே இருந்த சின்ன பொம்மி நாயக்கர், திம்ம ரெட்டி நாயக்கர் ஆகியோர் இதைக் கட்டியதாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. மொத்தம் 133 ஏக்கர் பரப்பு. நம்ம ஊரில் ஒரு ஏக்கர் சாமை நிலம் எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போல 133 மடங்கு!

முதலில் கண்ணில் படுவது அகழி. கோட்டையைச் சுற்றி வெட்டிய பெரிய கால்வாய்க்குத்தான் அகழி என்று பெயர். எதிரி படை சுலபமாக மதிலை நெருங்கக்கூடாது என்பதற்காக அதில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான முதலைகளை விட்டிருந்ததாகவும் ஒரு கதை உண்டு. இதைக் கேட்டதும் என் தம்பி அப்பா கையை விடவே இல்லை. முதலை இல்லாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளை அகழி ஓரத்தில் தனியாக விடக்கூடாது.

மதில் முழுவதும் கருங்கல். மதில் ஒன்று இல்லை, இரண்டு என்பதைக் கவனியுங்கள். அகழியை ஒட்டித் தாழ்வாக ஒரு வெளிமதில், அதற்குப் பின்னால் உயரமாகப் பெரிய மதில். வெளிமதிலைப் பிடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் மேலே நின்று சுடலாம். பெரிய மதிலில் நடுவில் நடுவில் வட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்பவைதான் கொத்தளங்கள். மதில் நேராக மட்டும் இருந்தால் அடியில் வந்து ஒட்டிக்கொள்கிற எதிரியை மேலே இருப்பவரால் பார்க்க முடியாது. கொத்தளம் வெளியே நீண்டிருப்பதால் அதில் நின்று பக்கவாட்டில் பார்க்கலாம், சுடலாம். இதை நேரில் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இந்தக் கோட்டை பல கை மாறியது. விஜயநகர அரசர்களுக்குப் பிறகு பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாப், கடைசியில் ஆங்கிலேயர். 1677, 1678ஆம் ஆண்டுகளில் மராட்டியர்கள் பல மாதம் முற்றுகை இட்டுத்தான் இதைப் பிடித்தார்கள். முற்றுகை என்றால் வெளியே இருந்து சோறு தண்ணீர் எதுவும் உள்ளே போகாமல் சுற்றி வளைத்து உட்கார்ந்துகொள்வது.

கேலிப் பேச்சும் பதிலும்

வேலூரைப் பற்றி முன்பெல்லாம் கேலியாக ஒன்று சொல்வார்களாம்: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் அடுத்த பாடம். கோயிலில் இருந்து ஆரம்பிப்போம்.

ஜலகண்டேஸ்வரர் கோயில்

கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயில் இது. 'ஜலம்' என்றால் தண்ணீர். தண்ணீர் சூழ இருந்த சாமி என்பதால் இந்தப் பெயர். ஏழு நிலை ராஜகோபுரம் 100 அடிக்கு மேல் உயரம். எங்க ஆயா கோபுரத்தைப் பார்த்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாங்க.

போர் நடந்த காலங்களில் இந்தக் கோயிலில் பூஜை நின்றுபோனது. ஆயுதக் கிடங்காகக்கூட இதைப் பயன்படுத்தினார்கள். நீண்ட காலம் கருவறையில் சாமி இல்லை. அதனால்தான் 'சாமி இல்லாத கோயில்' என்று பெயர் வந்தது. பக்கத்தில் சத்துவாச்சாரியில் வைத்து வழிபட்ட லிங்கத்தை 1981ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி மறுபடியும் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே பூஜை நடக்குது. ஆகவே கேலியில் முதல் பாதம் 1981-லேயே பொய்யாகிவிட்டது!

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் இருக்கும் கல்யாண மண்டபத்தை அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தூணில் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாளிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இதெல்லாம் தனியாகச் செய்து ஒட்டியது இல்லை. ஒரே கல்லில் செதுக்கியது. தலையை நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். நடுவில் பெரிய தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுங்கள். காளையும் யானையும் சேர்ந்த ஒரு சிற்பம் இருக்கு. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானை உடம்பை மறைத்தால் காளை தெரியும். காளை உடம்பை மறைத்தால் யானை தெரியும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் சும்மா நிற்காத என் தம்பி அந்தச் சிற்பத்துக்கு முன்னாடி கையை மாற்றி மாற்றி வைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெள்ளைக்காரர்கள் இந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி அவர்கள் நாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தார்கள், அதற்கு வந்த கப்பல் மூழ்கிப் போனதால் மண்டபம் தப்பித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அந்த மண்டபத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக ஆசை வராது?

ஒரே கோட்டைக்குள் மூன்று

கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அதே கோட்டைக்குள் ஒரு மசூதியும் ஒரு சர்ச்சும் இருக்கு. மசூதி நவாப் காலத்தில் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. செயின்ட் ஜான்ஸ் சர்ச் 1846ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. மூன்றும் மூன்று காலத்துக் கட்டட வேலை. கோயிலில் தூண்களும் சிற்பங்களும், மசூதியில் வளைவுகள், சர்ச்சில் உருவம் எதுவும் இல்லாத எளிய சுவர்கள். ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டு எடுத்துப் போய் மூன்றையும் வரைந்து பாருங்கள். எந்தக் காலத்தில் யார் ஆண்டார்கள் என்பது தானாக மனதில் நிற்கும். எல்லாக் கட்டடத்துக்குள்ளேயும் விடமாட்டார்கள். வெளியே நின்று பார்த்தாலே போதும்.

அரசு அருங்காட்சியகம்

மதிய வெயிலுக்கு அருங்காட்சியகம்தான் சரியான இடம். இது 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல்லவர் காலக் கடைசியிலிருந்து விஜயநகரக் காலம் வரை உள்ள கற்சிலைகள், செப்புச் சிலைகள், பழைய காசுகள், மரவேலைகள், போர்க் கருவிகள், பாடம் செய்து வைத்த மிருகங்கள், பறவைகள் எல்லாம் இருக்கு. வேலூர் வட்டாரத்தில் கிடைத்த ஒரு வெண்கல வாள் கி.மு. 400 காலத்தைச் சேர்ந்தது. அதாவது இன்றைக்குச் சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாடி! நம்ம கொடுவாள் நாலு மழைக்குத் துருப் பிடிக்குது. வெண்கலம் செம்பும் தகரமும் கலந்த உலோகம். இரும்பைப் போல அது துருப்பிடித்து உதிர்ந்து போகாது. அறிவியல் பாடத்தில் படித்த 'உலோகக் கலவை' இதுதான்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்த பொருள் தந்தத்தில் செய்த சதுரங்கப் பலகை. அது யாருடையது தெரியுமா? இலங்கையின் கடைசி ராஜாவுடையது. அவர் எப்படி வேலூருக்கு வந்தார் என்பதுதான் 'ராஜா இல்லாத கோட்டை' என்ற கேலிக்குப் பதில்.

ராஜாக்கள் கைதியாக இருந்த கோட்டை

மைசூர் திப்பு சுல்தான் 1799ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையில் இறந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர்கள் வேலூர் கோட்டைக்குக் கொண்டு வந்து காவலில் வைத்தார்கள். திப்பு மகால், ஹைதர் மகால் என்று இன்றைக்கும் கட்டடங்களுக்குப் பெயர் இருக்கு.

அடுத்தது கண்டி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். இலங்கையில் கண்டி நாட்டை ஆண்டவர். மதுரை நாயக்கர் உறவில் வந்தவர். 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது அவரையும் பிடித்தார்கள். 1816ஆம் ஆண்டு வேலூர் கோட்டைக்குக் கொண்டு வந்தார்கள். 1832ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி அவர் இங்கேயே இறந்தார். 16 வருஷம்! என் வயசை விட அதிகம்.

சதுரங்கம் விளையாடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றக் காய்களை வெட்டி வெளியே வைப்போம். ராஜாவை மட்டும் வெட்ட மாட்டோம். எந்தக் கட்டத்துக்கும் நகர முடியாமல் மடக்கி வைப்போம். அதோடு ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பலகையைப் பார்த்தபோது, நிஜ ராஜாவையும் அப்படித்தான் மடக்கி வைத்திருக்காங்க என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய கல்லறை கோட்டையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பாலாற்றங்கரையில் இருக்கு. 1990ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அங்கே நினைவு மண்டபம் கட்டியது. அதற்கு 'முத்து மண்டபம்' என்று பெயர். நேரம் இருந்தால் அதையும் பாருங்கள். அப்படியே பாலாற்றையும் பார்க்கலாம். பெரும்பாலும் மணலாகத்தான் இருக்கும். ஆனால் 2021ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனது. கேலியில் மூன்றாவது பாதமும் எப்போதும் உண்மை இல்லை!

1806 ஜூலை 10: அந்த ஒரு ராத்திரி

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மதில் ஓரமாக நடக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு நடங்கள்.

அப்போது கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் நிறைய பேர் இருந்தார்கள். 1805ஆம் ஆண்டு நவம்பரில் புது உத்தரவு வந்தது. நெற்றியில் விபூதி, நாமம் இடக்கூடாது. காதில் கடுக்கன் போடக்கூடாது. தாடி வைக்கக்கூடாது. தலைப்பாகையை மாற்றி, தோல் குஞ்சம் வைத்த புதுவிதத் தொப்பி அணிய வேண்டும். இந்து, முஸ்லிம் இரண்டு பேருக்குமே இது மனசைப் புண்படுத்தியது. 1806 மே மாதத்தில் எதிர்த்துப் பேசின சிப்பாய்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். சம்பளக் குறைவு போன்ற பழைய மனக்குறைகளும் சேர்ந்துகொண்டன.

1806 ஜூலை 9ஆம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிப்பாய்கள் ஒன்றுகூடினார்கள். நடுராத்திரி தாண்டி, 10ஆம் தேதி விடிவதற்கு முன்னால் புரட்சி வெடித்தது. விடியும்போது கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது. ஆங்கிலேயர் கொடியை இறக்கிவிட்டு மைசூர் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆங்கிலேயப் படையில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆனால் கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி மூலம் ஆற்காட்டுக்குச் செய்தி போய்விட்டது. ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு காலையிலேயே வந்துவிட்டார். மதில் மேல் சில ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஒளிந்து தாக்குப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் விட்ட கயிற்றைப் பிடித்து அவர் மேலே ஏறினார். பிறகு பீரங்கியால் கதவை உடைத்தார்கள். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சுமார் நூறு பேரைச் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்திச் சிலரைத் தூக்கிலும் சிலரைப் பீரங்கி வாயிலும் கொன்றார்கள்.

இவ்வளவு பெரிய கோட்டை ஏன் ஒரு காலைப்பொழுதில் விழுந்தது? யோசித்துப் பாருங்கள். மராட்டியருக்குப் பல மாதம் ஆனது. இங்கே மதில் அதே மதில், அகழி அதே அகழி. ஆனால் கோட்டையைப் பிடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்ற திட்டம் சிப்பாய்களிடம் சரியாக இல்லை. கதவையும் பாலத்தையும் காக்க ஒழுங்காக ஆள் நிற்கவில்லை. கல்லால் மட்டும் கோட்டை நிற்காது என்பது இதில் நாம் படிக்கிற பாடம்.

புரட்சி தோற்றாலும் பலன் இல்லாமல் போகவில்லை. அந்தத் தொப்பி உத்தரவை ரத்து செய்தார்கள். சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரடாக்கையும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1857ஆம் ஆண்டு வடநாட்டில் பெரும் புரட்சி நடப்பதற்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. 200ஆம் ஆண்டு நினைவாக 2006-ல் தபால் தலை வெளியிட்டார்கள். கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கத்தில் நினைவுத் தூண் நிற்குது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அது எதற்கு நிற்குது என்று தெரிந்து தாண்டுவோம்.

பெயர் உள்ள நாயும் பெயர் இல்லாத வீரர்களும்

பாடத்தில் சேக் ஆதம், சேக் காசிம் போன்ற ஒரு சிலர் பெயர்தான் வருது. சுவர் ஓரமாக நிற்க வைத்துச் சுடப்பட்டவர்களில் மற்ற அண்ணன்மார்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? நம்ம போளூர்ப் பக்கமா, செங்கம் பக்கமா, ஆற்காட்டுப் பக்கமா? பெயர்களைத் தேடினால் நமக்குக் கிடைப்பதில்லை.

இங்கே நம்ம மாவட்டத்து நடுகல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம்ம மலைக்குக் கீழே செங்கம் சுற்றுவட்டாரத்தில் பழைய நடுகற்கள் நிறைய கிடைத்திருக்கின்றன. மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்தவருக்கு ஊரார் கல் நட்டு, உருவம் செதுக்கி, பெயர் எழுதி வைத்தார்கள். தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தியது. சுமார் 1400 வருஷம் ஆகுது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளர்களைக் கடித்துப் போராடிய அவனுடைய நாய்க்கும் உருவம் உண்டு. நாயின் பெயர் கோவிவன் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஒரு நாயின் பெயரை 1400 வருஷமாகக் கல் காப்பாற்றி வைத்திருக்கு. 1806-ல் இறந்த நூற்றுக்கணக்கான பேருக்கு அப்படி ஒரு கல்லில் பெயர் இல்லை. கல்யாண மண்டபத்தில் அந்தக் கிளிகளைச் செதுக்கிய சிற்பிகளின் பெயரும் நமக்குத் தெரியாது.

ஆனால் வேறு பெயர்கள் இருக்கு. ஆணியாலும் சாவியாலும் கீறி வைத்த பெயர்கள். பெயர், பக்கத்தில் இதயம் படம், தேதி. கோட்டையைக் கட்டாதவர்கள், காக்காதவர்கள், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பெயர்தான் கல்லில் இருக்கு. இது எவ்வளவு பெரிய அநியாயம்! இப்படிக் கீறுவது சட்டப்படியும் குற்றம். பழைய நினைவுச் சின்னங்களைப் பாழாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் ஜெயிலுக்குப் பயந்து கீறாமல் இருப்பதை விட, பெயர் இல்லாமல் போனவர்களை நினைத்துக் கீறாமல் இருப்பதுதான் நமக்கு அழகு.

வீட்டில் யாருக்கு எது பிடிக்கும்?

* ஆயா, தாத்தாவுக்கு: ஜலகண்டேஸ்வரர் தரிசனம். பிறகு நிழலில் உட்கார இடம் பார்த்துக் கொடுங்கள். மதில் ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.
* அம்மாவுக்கு: கல்யாண மண்டபக் கூரை. கோலம் போடுகிறவர்களுக்கு அந்தத் தாமரை ரொம்பப் பிடிக்கும். எங்க அம்மா கழுத்து வலிக்கும் வரை பார்த்தாங்க.
* அப்பாவுக்கு: கருங்கல் மதில். அவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள் என்று எங்க அப்பா திரும்பி வரும் வரை பேசிக்கொண்டே வந்தார்.
* தம்பி தங்கைக்கு: காளை யானைச் சிற்பம், அகழி, பாடம் செய்த மிருகங்கள்.
* நமக்கு: எல்லாமும்! முக்கியமாக சதுரங்கப் பலகையும் 1806-ம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லாதவரோடு ஒருவர் உள்ளே இருப்பார். கூட வந்த பிள்ளைகள் வெளியே சும்மா உட்கார்ந்து அலுத்துப் போவார்கள். அப்போது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகலாம். அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கும் வரலாறு உண்டு. ஐடா ஸ்கட்டர் என்ற அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது அது. 1918ஆம் ஆண்டு பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். டாக்டர் ஆக ஆசைப்படும் அக்காக்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்!

(விடைகள் எல்லாம் இந்தத் தாளிலேயே இருக்கு. தேடிப் படியுங்கள்.)

1. கொத்தளம் ஏன் மதிலை விட்டு வெளியே நீண்டிருக்கிறது?
2. ஜலகண்டேஸ்வரர் மறுபடியும் கோட்டைக் கோயிலுக்கு வந்த ஆண்டு எது?
3. கண்டி ராஜா எத்தனை வருஷம் வேலூரில் காவலில் இருந்தார்?
4. வேலூர் புரட்சிக்கும் 1857 புரட்சிக்கும் இடையே எத்தனை வருஷம்?
5. எடுத்தனூர் நடுகல்லில் உள்ள நாயின் பெயர் என்ன?

ஆறாவது கேள்விக்கு விடை இந்தத் தாளில் இல்லை. உங்க ஊரில், உங்க கொல்லையில், கோயில் பக்கத்தில் பழைய கல், எழுத்து உள்ள கல், உருவம் செதுக்கிய கல் ஏதாவது இருக்கா? வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்கள். அதைப் பற்றி அவங்க சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். கல்லை நகர்த்த வேண்டாம், சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், எழுதி மட்டும் வாருங்கள். அடுத்த மாதச் சுவர் இதழில் எல்லாவற்றையும் ஊர்ப் பெயரோடு ஒட்டலாம் என்று டீச்சர் சொல்லியிருக்காங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி